அத்தாவின் யெஸ்டியும் அறுநூறு ரூபாய்க் கடனும்



பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பழுது நீக்கி ஓட்டிய கதையை இந்தப் பக்கத்தில் எழுதுவது பொருத்தம்தானா என்று நாம் சில நாள்கள் தயங்கினோம். மார்க்கம் பேசும் இடத்தில் பிஸ்டனுக்கும் கார்புரேட்டருக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆயினும் அந்த வண்டி நமக்குக் கற்றுத் தந்தது வண்டியைப் பற்றிய பாடம் மட்டுமன்று. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு மூலையை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டிய அவசியத்தையும் அது உணர்த்தியது. அதனால்தான் எழுதத் துணிந்தோம்.

வேப்ப மரத்தடியில் பதினெட்டு ஆண்டுகள்

நமது அத்தா அவர்கள் அருப்புக்கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவராக வாழ்நாளைக் கழித்தவர்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் நம் சமுதாயத்தார் ஐந்து வீடு, பத்து வீடு என்றே இருப்பார்கள். தனியாக ஓர் ஆசிரியரை வைத்துச் சம்பளம் கொடுக்க அவர்களால் இயலாது. ஆகவே வாரத்தில் ஒரு நாள் ஓர் ஊர் என்று முறை வைத்துக்கொண்டு அத்தா போய் வருவார்கள். பேருந்து பெரிய சாலையோடு நின்றுவிடும். அதற்கு மேல் கண்மாய்க் கரையும் வண்டிப் பாதையும்தான்.

அந்தப் பாதைகளுக்காக அவர்கள் வாங்கியது, 1979ஆம் ஆண்டில் தயாரான யெஸ்டி 250. இரண்டாம் கையாக வாங்கியதுதான். வண்டியின் சத்தம் கண்மாய்க்கு அக்கரையில் கேட்கும்போதே பிள்ளைகள் தொப்பியைத் தேடுவார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அத்தா வஃபாத்தான பிறகு வண்டி வீட்டின் பின்புறம், வேப்ப மரத்தடியில், ஆட்டுக் கொட்டகையை ஒட்டி நின்றது. முதல் ஆண்டு தார்ப்பாய் போர்த்தினோம். பிறகு தார்ப்பாய் கிழிந்தது. ஆடுகள் இருக்கையைக் கடித்தன. பெட்ரோல் தொட்டிக்குள் துரு பிடித்தது. பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் இரண்டு முறை வந்து விலை கேட்டார். அம்மா மட்டும், “அது அங்கேயே நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

சென்ற ரமலானுக்குப் பிறகு, அத்தா ஓதிக் கொடுத்த ஊர்களில் ஒன்றிலிருந்து இருவர் நம்மைத் தேடி வந்தார்கள். “எங்க பிள்ளைகளுக்கு அலிஃப் பே சொல்லிக் கொடுக்க ஆளில்லை, ஹஜ்ரத். கைபேசியிலதான் பார்த்துக் கத்துக்குதுங்க” என்றார்கள். வார இறுதியில் வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தோம். அன்று மாலை கொட்டகைப் பக்கம் போனபோது யெஸ்டியின் விளக்குக் கண்ணாடியில் நம் முகம் மங்கலாகத் தெரிந்தது. இதிலேயே போனால் என்ன என்று மனம் கேட்டது.

வண்டி வந்த வழி

இளைய வாசகர்களுக்காக இந்த வண்டியைப் பற்றிச் சில சொற்கள். செக் நாட்டில் யானெச்செக் என்பவர் 1929ஆம் ஆண்டில், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் உரிமையைப் பெற்றார். இரு பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்து ‘ஜாவா’ என்றாயிற்று. அந்த வண்டியை இந்தியாவில் செய்வதற்காக இரானி குடும்பத்தார் மைசூரில் ஐடியல் ஜாவா என்னும் ஆலையை நிறுவினர். 1961ஆம் ஆண்டிலிருந்து அங்கே வண்டிகள் வெளிவந்தன. எழுபதுகளில் பெயர் ‘யெஸ்டி’ என்று மாறியது. 1996இல் ஆலை மூடப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அதே பெயரில் புதிய வண்டிகள் விற்பனைக்கு வந்துள்ளன. ஆனால் அவற்றின் எஞ்சின் முற்றிலும் வேறு.

பழைய யெஸ்டி டூ-ஸ்ட்ரோக் வகை. ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர்கள். கியர் போடும் நெம்புகோலையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே உதைத்துக் கிளப்பும் கோலாகிவிடும். பின் சக்கரத்துச் சங்கிலி முழுவதும் தகட்டு உறைக்குள் இருப்பதால் புழுதி அண்டாது. நமது கரிசல் காட்டுக்கு இந்த ஓர் அம்சமே பெரிய வரம் என்று பிறகு உணர்ந்தோம்.

அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நாம் ஏறிச் செல்லப் படைத்ததைச் சொல்லிவிட்டு, நாம் அறியாதவற்றையும் படைப்பதாகக் கூறுகிறான். பாலைக்கு ஒட்டகம் வந்தது. கனடாவின் பனிவெளியில் மனிதர்கள் ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டியில் போகிறார்கள். அங்கேயும் பாட்டன் காலத்து டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பழுது நீக்கிக் காட்டுத்தடங்களில் ஓட்டி மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். நம் பங்குக்கு வேப்ப மரத்தடியில் ஒரு யெஸ்டி நின்றது.

அவிழ்த்துப் பார்த்தபோது

அருப்புக்கோட்டையில் பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளைத் தொடத் துணிபவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர், அறுபதை நெருங்கும் ஓர் இந்துச் சகோதரர். நாம் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். வண்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியதும் அவர் சுற்றி வந்து பார்த்தார்.

“பாய், இது பெரிய ஹஜ்ரத் வண்டில்ல?”

“ஆமாம் அண்ணாச்சி.”

“நான் சின்னப் பயலா இருக்கும்போது இத எத்தனை தடவ கழுவியிருக்கேன் தெரியுமா? எங்க ஆசான் கடைக்குத்தான் வரும்.” அவர் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். “செலவு நிறைய ஆகும் பாய். சொல்லிட்டேன்.”

வண்டி அத்தாவின் சொத்து. அவர்கள் விட்டுச் சென்றதில் அம்மாவுக்கும் தம்பிக்கும் இரு தங்கைகளுக்கும் பங்குண்டு. ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டோம். எல்லாரும் தம் பங்கை மனமுவந்து விட்டுக் கொடுத்தார்கள். போக்குவரத்து அலுவலகத்திலும் இறந்தவரின் பெயரில் உள்ள வண்டியை வாரிசு பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழும் படிவம் 31ம் வேண்டும். 15 ஆண்டுகள் கடந்த வண்டிக்குப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். சட்டம் கேட்டதற்கு முன்பே ஷரீஅத் அதைக் கேட்டுவிட்டது என்று அப்போது எண்ணிக்கொண்டோம்.

பதினெட்டு ஆண்டு ஈரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தது. அண்ணாச்சி அவசரப்படவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி, பத்து நாள் விட்டுவிட்டார். “அடிச்சா உடையும். ஊறுனா விடும்” என்றார். பதினோராம் நாள் நெம்புகோலை மெதுவாக அழுத்தியபோது அது ஒரு விரற்கடை அசைந்தது. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நமக்கும் அந்தச் சொல்லில் படிப்பினை இருந்தது. இறுகிப்போன மாணவனை நாமும் எத்தனையோ முறை ஊற விடாமல் தட்டியிருக்கிறோம்.

சிலிண்டரைக் கடைந்து அடுத்த அளவுக்குப் பெரிதாக்கிப் புதிய பிஸ்டனும் ரிங்குகளும் போட்டோம். கனெக்டிங் ராடுக்கும் கிராங்கிற்கும் புதிய பேரிங்குகள். இருபுறமும் ஆயில் சீல்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தச் சீல்தான் உயிர் என்றார் அண்ணாச்சி. எரிபொருள் முதலில் கிராங்க் பெட்டிக்குள் வந்து, அங்கே அழுத்தப்பட்டுத்தான் மேலே போகிறது. சீல் கசிந்தால் காற்று உள்ளே நுழைந்து எஞ்சின் சூடேறும். கிளட்ச் பக்கத்து எண்ணெய் உள்ளே போனால் வெண்புகை நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. இந்த இடத்தில் நமக்குக் கல்பின் நினைவு வந்ததை மறைப்பதற்கில்லை.

பெட்ரோல் தொட்டிக்குள் நட்டுகளையும் சிறு சங்கிலியையும் போட்டு மணிக்கணக்கில் குலுக்கினோம். செங்காவி நிறத்தில் துரு வந்துகொண்டே இருந்தது. இப்போது நாடெங்கும் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆதலால் பெட்ரோல் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றினோம். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாயின் தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. லிட்டருக்கு 40 மில்லி வீதம் டூ-டி ஆயில் கலப்பது நம் வேலை.

காட்டுப் பாதைக்கு ஏற்றவாறு

பழையபடி ஆக்குவதோடு நின்றிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் வண்டி போக வேண்டிய பாதை வேறு. கரிசலில் மழை பெய்தால் மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகிச் சக்கரத்தையே சுற்ற விடாது. அத்தா காலத்தில் ஒரு குச்சியை வண்டியிலேயே செருகி வைத்திருப்பார்கள், மண்ணைக் குத்தி எடுக்க. நாம் முன் மட்கார்டைச் சற்று உயர்த்திப் பொருத்தச் சொன்னோம். சாலை டயருக்குப் பதில் பட்டன் டயர் போட்டோம்.

அடுத்த எதிரி சீமைக் கருவேல முள். திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் கரிமூட்டம் போடுவதற்காக வெட்டிய முட்கள் பாதையெங்கும் கிடக்கும். எந்த டயரையும் அது துளைக்கும். டியூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றினோம். மாற்று டியூபும் கைப்பம்பும் எப்போதும் உடன் இருக்கும்.

ஆறு வோல்ட் டைனமோவின் வெளிச்சத்தில் மஃரிபுக்குப் பிறகு கண்மாய்க் கரையில் வருவது ஆபத்து. ஆகவே அதை எடுத்துவிட்டு 12 வோல்ட் ஆல்டர்னேட்டரும் மின்னணு இக்னிஷனும் பொருத்தினோம். பழைய பாகங்களை ஒரு டப்பாவில் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தினோம். புழுதிக்காகக் காற்று வடிகட்டியையும் மாற்றினோம். பெயிண்டை மட்டும் மாற்றவில்லை. தொட்டியில் அத்தாவின் முழங்கால் பட்டுத் தேய்ந்த இரண்டு இடங்களும் அப்படியே இருக்கின்றன.

இல்லத்தாரின் கேள்வி

இங்கே ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடங்கும்போது நம் இல்லத்தாரிடம், “பதினைந்தாயிரம் ஆகும்” என்றோம். ஐந்து மாத முடிவில் கணக்குப் பார்த்தபோது 46,300 ரூபாய் ஆகியிருந்தது. இடையில் வந்த பில்களில் சிலவற்றை நாம் காட்டவில்லை. மதரஸா ஆசிரியரின் வருமானத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதை எழுதத் தேவையில்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தின் இரண்டாம் தவணை அம்மாதம் தள்ளிப்போயிற்று.

இல்லத்தார் சத்தம் போடவில்லை. இரவு உணவுக்குப் பின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “என்னங்க, பழைய எக்ஸ்.எல். ஒண்ணு இருபதாயிரத்துக்குக் கிடைக்குமே. அந்தப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க அது போதாதா?”

போதும். அதுதான் உண்மை. நமது வட்டாரத்தில் பால்காரர் முதல் ஆடு மேய்ப்பவர் வரை எல்லாரும் நம்பியிருப்பது டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியைத்தான். அது போகாத கண்மாய்க் கரை இல்லை.

அன்றிரவு நமக்கு நினைவுக்கு வந்தது, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள, குதிரையைப் பற்றிய நபிமொழி. குதிரை மூவருக்கு மூன்று விதமாக அமையும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அல்லாஹ்வின் பாதைக்கென வளர்ப்பவருக்கு அது நற்கூலி. பிறரிடம் கையேந்தாதிருக்க வளர்த்து, அதில் அல்லாஹ்வின் உரிமையையும் மறவாதவருக்கு அது திரை. பெருமைக்காகவும் பிறர் பார்க்கவும் வளர்ப்பவருக்கு அது பாவச்சுமை. குதிரை ஒன்றுதான். நிய்யத்துதான் அதை மூன்றாக்குகிறது. நமது யெஸ்டி எந்தக் குதிரை?

வண்டி முதன்முதலில் கிளம்பிய நாளில் தெருப் பிள்ளைகள் படம் எடுத்துக் கைபேசியில் போட்டார்கள். அதற்கு எத்தனை பேர் பாராட்டு அனுப்பினார்கள் என்று நாம் இரண்டு முறை எடுத்துப் பார்த்தோம். அந்த நேரத்தில் அது மூன்றாவது குதிரையாகத்தான் இருந்தது. மறுநாள் மறைத்த பில்களை எல்லாம் எடுத்து இல்லத்தாரிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். தவணைக்காகச் சிறு சேமிப்பு ஒன்றை உடைத்தோம்.

பெட்டிக்குள் இருந்த டைரி

உண்மையான விஷயம் இனிமேல்தான். வண்டியின் பக்கவாட்டில் கருவிகள் வைக்கும் பெட்டி உண்டு. அதன் பூட்டு துருவேறி இறுகியிருந்ததால் கடைசி வேலையாக ஒதுக்கி வைத்திருந்தோம். பூட்டை உடைத்துத் திறந்தபோது இரண்டு ஸ்பேனர், ஒரு பழைய பிளக், மண் குத்தும் குச்சி, அவற்றோடு பாலித்தீன் தாளில் சுற்றிய ஒரு பாக்கெட் டைரி.

அத்தாவின் கையெழுத்து. பாதிப் பக்கங்கள் அரபுத் தமிழிலும் பாதி தமிழிலும் இருந்தன. எந்த ஊரில் எந்தப் பிள்ளை எந்த ஸூரா வரை ஓதியிருக்கிறது என்ற கணக்கு. கடைசிப் பக்கங்களில் கொடுக்கல் வாங்கல். மளிகை, பெட்ரோல், ஒருவரிடம் வாங்கிய கைமாற்று. ஒவ்வொன்றும் அடைத்த பின் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அடிக்கப்படவில்லை: எஞ்சின் வேலை, பாக்கி 600, மெக்கானிக்கின் பெயர். அவர்கள் வஃபாத்தாவதற்கு ஐந்து வாரம் முந்திய தேதி.

நம் கை நடுங்கியது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகராவின் 282ஆம் வசனம். அத்தா அதன்படியே எழுதி வைத்திருந்தார்கள். அந்நிஸா அத்தியாயம், மரண சாசனமும் கடனும் போகத்தான் வாரிசுகளுக்குப் பங்கு என்கிறது. நாமோ வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டுக்கொண்டு பதினெட்டு ஆண்டுகள் அந்தக் கடனைத் துருப்பிடித்த பெட்டிக்குள் வைத்திருந்தோம்.

மூன்று தீனார் கடன் வைத்து இறந்த ஒருவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்காமல் தோழர்களிடம் விட்டதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் கடனுக்குத் தாம் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்ததும் நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லும் சம்பவம். இறைநம்பிக்கையாளரின் உயிர் கடன் தீரும் வரை அதனோடு தொங்கிக் கிடக்கும் என்ற கருத்துள்ள நபிமொழியையும் சொல்வோம். சொல்லிக்கொண்டே இருந்தோம். பெட்டியைத் திறக்கவில்லை.

டைரியில் இருந்த பெயரை அண்ணாச்சியிடம் காட்டினோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எங்க ஆசான்தான் பாய். அவரு போயி ஏழு வருசமாச்சு. வீட்டம்மா திருச்சுழிக்கு அங்கிட்டு, சொந்த ஊர்ல இருக்காங்க.”

முதல் பயணம்

அந்த ஊருக்குத்தான் யெஸ்டியின் முதல் நெடும்பயணம் அமைந்தது. ஃபஜ்ர் தொழுது, பயண துஆவை ஓதிக் கிளம்பினோம். இந்த வாகனத்தை நம் வசப்படுத்தித் தந்தவன் அவன். நமக்கு அதற்கு ஆற்றல் இருக்கவில்லை. நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பது அதன் சாரம். எத்தனையோ முறை பேருந்தில் வாயளவில் ஓதியிருக்கிறோம். அன்றுதான் ‘திரும்பிச் செல்பவர்கள்’ என்னும் இடத்தில் நாக்கு நின்றது.

திருச்சுழி வரை தார்ச்சாலை. அங்கே குண்டாற்றைத் தாண்டினோம். ஆற்றில் மணலும் கருவேலமும்தான், நீர் இல்லை. பிறகு கண்மாய்க் கரைப் பாதை. ஒருபுறம் வெடித்த கண்மாய், மறுபுறம் மழைக்குக் காத்திருக்கும் உழவு நிலம். கரை ஏறும்போது வண்டி இரண்டாம் கியரில் முனகாமல் ஏறிற்று. ஐந்து மாத உழைப்பும் அந்த ஏற்றத்தில் வசூலானதுபோல் ஒரு மகிழ்ச்சி. அடுத்த கால் மணி நேரத்தில் பின் டயரில் முள் ஏறியது. திரவம் அடைக்காத அளவுக்குப் பெரிய முள். வெயிலில் உட்கார்ந்து டியூபை மாற்றினோம். ஆட்டுக்காரர் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, “இதே வண்டியில ஒரு பாய் வருவாரு, நான் சின்னப் பிள்ளையில” என்றார். “அவர் மகன்தான்” என்றோம்.

அந்த அம்மையாருக்கு எழுபதைத் தாண்டிய வயது. திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். டைரியைக் காட்டி விவரம் சொன்னோம். பையில் 600 ரூபாயும், தனியாக இன்னும் கொஞ்சமும் வைத்திருந்தோம். வாங்கிய அளவுதான் கடன். ஆயினும், முன்கூட்டி நிபந்தனை இல்லாமல் மனமுவந்து கூட்டிக் கொடுப்பது நபிவழி. தாம் பெற்ற ஒட்டகத்தைவிடச் சிறந்த ஒட்டகத்தை அவர்கள் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மையார் பணத்தைத் தொடவில்லை.

“தம்பி, ஹஜ்ரத்த அடக்கம் பண்ண அன்னைக்கு இவரு வந்திருந்தாரு. உள்ள வரலாமோ என்னமோன்னு கபர்ஸ்தான் வாசல்லயே நின்னுருக்காரு. அப்ப நீங்க யாரோ, ‘இவருகிட்ட யாருக்காவது பாக்கி இருந்தா சொல்லுங்க’ன்னு சொல்லியிருக்கீக. இவரு காதுல விழுந்திருக்கு. வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொன்னாரு, ‘எனக்கு அறுநூறு வரணும், ஆனா அந்த மனுசங்கிட்ட எனக்கு ஒரு பாக்கியும் இல்ல, அங்கேயே விட்டுட்டேன்’னு. அவரு விட்டத நான் வாங்குனா நல்லாருக்குமா?”

அந்த அறிவிப்பைச் செய்தது நாமேதான். மய்யித்தை வைத்துக்கொண்டு, வழக்கப்படி, உள்ளே நின்ற சகோதரர்களை நோக்கிச் சொன்னோம். வாசலில் நின்ற மனிதரை நாம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. கடனை விட்டுக் கொடுப்பதன் சிறப்பைப் பற்றிக் கிதாபுகளில் படித்த நாம் உள்ளே நின்றோம். அதைச் செய்தவர் வாசலுக்கு வெளியே நின்று, யாரிடமும் சொல்லாமல் வீடு திரும்பியிருக்கிறார்.

சற்று நேரம் நமக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, கடனாக வேண்டாம், அன்பளிப்பாக உங்கள் பேரப்பிள்ளைக்கு நோட்டுப் புத்தகங்கள் வாங்கித் தருகிறோம் என்று கேட்டோம். அதற்குச் சம்மதித்தார்கள். விடைபெறும்போது, “வண்டிய ஒரு தடவ கிளப்புங்க தம்பி, சத்தத்தக் கேக்கணும்” என்றார்கள். கிளப்பினோம். இரண்டு சைலன்சரும் பேசின. “பிளக்கு சரியா இருக்கு” என்றார்கள். மெக்கானிக்கின் மனைவி அல்லவா!

வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, உங்கள் கடன்களை எழுதி வையுங்கள். எழுதிய நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். அத்தா முதலாவதைச் செய்தார்கள். இரண்டாவதற்கு மவ்த் அவகாசம் தரவில்லை.

இரண்டாவது, குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவர்களின் அலமாரி, பை, வண்டிப் பெட்டி, பழைய கைபேசி ஆகியவற்றைச் சொத்துப் பங்கீட்டுக்கு முன்பே பாருங்கள். நினைவுச் சின்னம் என்று பூட்டி வைப்பது அன்பாகத் தோன்றும். உள்ளே ஒருவரின் உரிமை கிடக்கக்கூடும்.

மூன்றாவது, ஜனாஸா வேளையில் செய்யும் அறிவிப்பு பள்ளிவாசல் சுவருக்குள் நின்றுவிடக் கூடாது. நம் பெற்றோரின் வாழ்க்கை இந்துச் சகோதரரின் மளிகைக் கடையிலும், நெசவுத் தறியிலும், மெக்கானிக் பட்டறையிலும் கலந்தே கழிந்திருக்கிறது. அவர்களுள் பலர் தயக்கத்தால் வாசலில் நிற்பார்கள். பலர் கேட்கவே மாட்டார்கள். அடக்கம் முடிந்த வாரத்தில் வாரிசுகளில் ஒருவர் கடை கடையாக நேரில் சென்று, “எங்கள் அத்தா உங்களுக்கு ஏதும் தர வேண்டியிருக்கிறதா?” என்று கேட்டுவிடுவது ஒரு நாள் வேலை. எல்லாரும் அந்த ஆசானைப்போல் மன்னித்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை.

யெஸ்டி இப்போது சனி, ஞாயிறு மட்டும் ஓடுகிறது. மற்ற நாள்களுக்கு நம் பழைய சைக்கிளே போதும். டூ-ஸ்ட்ரோக் புகையை வீணாக ஊருக்குள் விடுவதும் சரியன்று. வாக்குக் கொடுத்த ஊரில் பதினொரு பிள்ளைகள் ஓதுகிறார்கள். மழை தொடங்கிய பிறகு கரிசல் ஒட்டுகிறது. உயர்த்திய மட்கார்டும் சில நாள் போதவில்லை. அத்தாவின் குச்சியை மீண்டும் பெட்டியில் செருகி வைத்திருக்கிறோம். வண்டிக்குச் செய்த செலவு இஸ்ராஃபா, இல்லையா என்ற கேள்விக்கு விடை அந்தப் பதினொரு பிள்ளைகளின் ஓதலில் இருக்கிறது. அவர்கள் ஓதி முடிக்கும் முன் நாம் நிறுத்திவிட்டால் அது வீண்விரயமே.

தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நமக்குப் பழையதைச் சீர்செய்யும் கையையும், உரியவருக்கு உரியதைச் சேர்க்கும் மனத்தையும் அல்லாஹ் தருவானாக. நம் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்து அவர்களின் கப்ரை ஒளியாக்குவானாக. நம்மை மன்னித்த அந்த மனிதரின் குடும்பத்தாருக்கு நலமும் நிம்மதியும் நல்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.